செல்லாத ஓட்டு எங்கே செல்லும்?

2001 அக்டோபரில் அர்ஜென்டினாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அப்போது அங்கே வாக்காளர் ஒரு கட்சியின் சீட்டை எடுத்து உறைக்குள் வைத்துப் போடுவது வழக்கமாக இருந்தது. எண்ண உட்கார்ந்தவர்கள் உறைகளைப் பிரித்தால், சிலவற்றில் கட்சிச் சீட்டே இல்லை. ஒன்றில் ஒசாமா பின்லேடன் படம். இன்னொன்றில் கிளெமெந்தே என்ற கார்ட்டூன் பாத்திரம். கிளெமெந்தேவுக்குக் கைகளே கிடையாது. கையில்லாதவன் திருட மாட்டான் அல்லவா, அதற்காகத்தான் அந்த ஓட்டு. வெற்றுச் சீட்டுகளும் செல்லாத சீட்டுகளும் சேர்ந்து பதிவானதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டின. கோப ஓட்டு என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

இரண்டே மாதத்தில் அதிபர் பதவி விலகினார். உறைக்குள் போன படங்கள்தான் அவரை இறக்கின என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இறக்கியது, வங்கிக் கணக்குகளை முடக்கியதும் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய கூட்டம். உறைகள் வரப்போவதை முன்கூட்டிக் காட்டின, அவ்வளவே.

யாருக்கும் போட மனம் வராத வாக்காளருக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்துவிடலாம். போய், சீட்டை வெறுமையாக மடித்துப் போடலாம். எல்லாப் பெயருக்கும் குறுக்கே கோடு கிழிக்கலாம், திட்டி எழுதலாம். மேற்கண்ட எவருமில்லை என்ற கட்டம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தோற்கப்போவது உறுதி என்று தெரிந்த ஒரு சுயேச்சைக்குப் போடலாம். ரொம்பவும் கொதித்தால் தானே வேட்புமனு தாக்கல் செய்யலாம். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கோபம். ஆனால் சட்டம் அந்தக் கோபத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்.

முதலில், இப்படிச் செய்பவர்கள் யார்? அக்கறையில்லாதவர்கள் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அக்கறையில்லாதவர் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க மாட்டார். வெற்றுச் சீட்டின் வரலாற்றைப் பார்த்தால் காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. தன் கட்சிக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கும். 1957இல் அர்ஜென்டினாவில் முன்னாள் அதிபர் பெரோனின் கட்சியைத் தடை செய்துவிட்டு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். நாடு கடந்து இருந்த பெரோன் வெறும் சீட்டைப் போடச் சொன்னார். 20 லட்சத்துக்கும் மேல் வெற்றுச் சீட்டுகள் விழுந்து, எந்தக் கட்சியையும்விட அதிகமாக இருந்தன. அல்லது, தான் விரும்பிய ஆளைப் போட்டிக்கே வர விடாமல் விதிமுறை தடுத்திருக்கும். 2025 அக்டோபரில் அயர்லாந்து அதிபர் தேர்தலில் பதிவான சீட்டுகளில் ஏறத்தாழ 13 சதவீதம் செல்லாதவை ஆனதற்கு இதுதான் பெரிய காரணம். அல்லது, இறுதிச் சுற்றில் எஞ்சிய இருவருமே வேண்டாதவர்களாக இருப்பார்கள். 2017இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் மக்ரோனா லு பென்னா என்று வந்தபோது 40 லட்சம் பேர் வாக்குச்சாவடி வரை போய், இருவரும் வேண்டாம் என்று திரும்பினார்கள். ஈரானில் 2021 அதிபர் தேர்தலில் வேட்பாளர்களை முன்கூட்டியே வடிகட்டிவிட்டார்கள். எண்ணி முடித்தபோது வென்ற ரைசிக்கு அடுத்தபடியாக வந்தது எந்த மனிதரும் இல்லை, 37 லட்சம் செல்லாத சீட்டுகள்.

இந்தப் படத்தைக் கலங்கலாக்கும் ஒன்றும் உண்டு. செல்லாத ஓட்டு எல்லாமே எதிர்ப்பு ஓட்டு கிடையாது. சீட்டு நீளமாக இருந்தால், விருப்ப எண் போடும் முறை புதிதாக இருந்தால், ஒரே நாளில் இரண்டு தேர்தலுக்கு இரண்டு விதமாகக் குறிக்கச் சொன்னால், ஆசையோடு போட்ட ஓட்டும் தவறிப் போய்ச் செல்லாததாகிவிடும். இலங்கையில் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஆறு லட்சத்தைத் தாண்டின. அதில் எவ்வளவு கோபம், எவ்வளவு கைத்தவறு என்று சீட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. உங்கள் கோபம் இன்னொருவரின் தவறோடு ஒரே மூட்டையில் கட்டப்படுகிறது. இந்த வழியின் மிகப் பெரிய பலவீனம் இது.

இனி கூட்டல் கழித்தல். அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் நீங்கள் வழக்கமாக 'அ' கட்சிக்குப் போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை வீட்டில் இருந்தாலும், வெறுஞ்சீட்டைப் போட்டாலும், கோடு கிழித்தாலும் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையிலான தூரம் ஓர் ஓட்டு மாறும். 'ஆ'வுக்கே போட்டால் இரண்டு ஓட்டு மாறும். வெற்றி தோல்வியைப் பொறுத்தவரை முதல் மூன்றுக்கும் துளி வித்தியாசம் இல்லை. ஆகவே 'என் கட்சிக்குப் பாடம் புகட்டுகிறேன்' என்று செல்லாத ஓட்டுப் போடுகிறவர் உண்மையில் எதிர்க்கட்சிக்கு அரை ஓட்டுப் போடுகிறார். தெரிந்தே செய்தால் பரவாயில்லை. சிங்கப்பூரில் 2011 அதிபர் தேர்தலில் டோனி டான் ஜெயித்த வித்தியாசம் 7,382. நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 37,849. நான்கு பேர் நின்ற தேர்தல். அந்த 37 ஆயிரத்தில் சிலருக்காவது மறுநாள் தூக்கம் வந்திருக்காது.

போகாமல் இருப்பது

எல்லாவற்றிலும் சுலபமானது இது. எல்லாவற்றிலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வராதவர் கோபமாக இருந்தாரா, காய்ச்சலில் படுத்திருந்தாரா, ஊரில் இல்லையா என்பது பதிவேட்டில் தெரியாது. அவர் பெயரில் வேறொருவர் வந்து கள்ள ஓட்டுப் போட்டுவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு. வாக்களிப்பது கட்டாயமான நாடுகளில் அபராதம் வேறு.

கூட்டமாகப் புறக்கணித்தால்? அப்போதும் யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் புறக்கணிப்பைத் திணித்ததில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவானது 1.2 சதவீதம். மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டில் வென்றார். வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மௌனம் அது என்பதுதான் என் கருத்து. மறுப்பவர்களும் உண்டு.

ஆனால் ஓரிடத்தில் வீட்டில் இருப்பதுதான் கூர்மையான ஆயுதம்: குறைந்தபட்ச வாக்குப்பதிவு வேண்டும் என்று விதியுள்ள மக்கள் வாக்கெடுப்பு. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் வாக்கெடுப்பில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். எதிர்ப்பவர் போய் 'வேண்டாம்' என்று குத்தினால், அந்தப் பாதியை எட்ட அவரே உதவுகிறார். போகாமல் இருந்தால் கேள்வியே செத்துவிடும். ருமேனியாவில் 2018இல் திருமணத்துக்கான இலக்கணத்தை அரசியலமைப்பில் மாற்ற வைத்த வாக்கெடுப்பு அப்படித்தான் விழுந்தது; தேவை 30 சதவீதம், வந்தது 21தான்.

வெற்றுச் சீட்டும் கோடு கிழித்த சீட்டும்

பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். சட்டத்தில் பல இடங்களில் இவை இரண்டு.

கொலம்பியாவில் வெற்று ஓட்டுக்கென்று சீட்டில் தனிக் கட்டமே உண்டு. அது செல்லுபடியாகும் ஓட்டு. அதற்குப் பாதிக்கு மேல் விழுந்தால் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும். மேயர் போன்ற பதவிகளுக்கு, பழைய வேட்பாளர்கள் மறுபடி நிற்கவும் கூடாது. 2011இல் பெய்யோ என்ற நகரில் மேயர் பதவிக்கு ஒரே ஒருவர்தான் களத்தில். மக்கள் வெற்றுக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அவரைத் தோற்கடித்தார்கள். அதே நாட்டில் ஒருவர் சீட்டைக் கிறுக்கிப் போட்டால் அது செல்லாதது; இந்தக் கணக்கில் சேராது. கோபம் ஒன்று, கட்டம் தவறினால் பூஜ்யம்.

ஸ்பெயினில் இதே வெற்று ஓட்டு வேறு வேலை செய்கிறது. அங்கே ஒரு தொகுதியில் 3 சதவீதமாவது வாங்கும் கட்சிக்குத்தான் இடப் பங்கீடு. அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும்போது வெற்று ஓட்டையும் செல்லுபடியானதாகச் சேர்க்கிறார்கள், கிழித்ததைச் சேர்ப்பதில்லை. வெற்று ஓட்டு கூடக் கூட, 3 சதவீதம் என்ற தடை உயர்ந்துகொண்டே போகும். பெரிய கட்சிகள் மேல் வெறுப்பில் வெறுஞ்சீட்டைப் போடுபவர் கடைசியில் சின்னக் கட்சியின் காலை வாருகிறார். ஸ்பெயினில் நான் வாக்காளராக இருந்தால், ஒன்றில் கிழிப்பேன், அல்லது ஏதாவது சின்னக் கட்சிக்குப் போடுவேன். வெற்றாக விடவே மாட்டேன்.

பெருவில் வெற்றும் செல்லாததும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் தேர்தல் ரத்து. மலை உச்சியில் கட்டிய மணி அது, யாருக்கும் எட்டாது. 2021 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முதலிடம் வந்த காஸ்தியோவுக்கு 27 லட்சம், இரண்டாமிடம் வந்த கெய்கோ புஜிமோரிக்கு 19 லட்சம். வெற்றுச் சீட்டுகளோ 21 லட்சத்துக்கும் மேல். வெற்றுச் சீட்டு ஒரு வேட்பாளராக இருந்திருந்தால் இறுதிச் சுற்றுக்குப் போயிருக்கும். சட்டப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பிரான்ஸ் 2014 முதல் வெற்றுச் சீட்டைத் தனியாக எண்ணி அறிவிக்கிறது. ஆனால் யார் எவ்வளவு சதவீதம் என்று கணக்கிடும்போது அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடும். எண்ணுவோம், மதிக்க மாட்டோம் என்பது ஓர் அரசின் நிலைப்பாடாக இருக்க முடியும் என்று அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கிழித்த சீட்டு உண்மையிலேயே வேலை செய்த நிகழ்ச்சி ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரலில் ஹங்கேரியில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து, சிறுவர்களுக்குப் பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு பற்றிச் சொல்லித்தருவது குறித்து அரசு நான்கு கேள்விகளை வாக்கெடுப்புக்கு விட்டது. கேள்விகள் கேட்கப்பட்ட விதமே பதிலைச் சொல்லிவிடும். எதிர்ப்பாளர்களால் வீட்டில் இருக்க முடியாது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக எப்படியும் வாக்குச்சாவடிக்குப் போயாக வேண்டும். விதியைப் படித்தார்கள்: மொத்த வாக்காளரில் பாதிப் பேர் செல்லுபடியாகும் ஓட்டைப் போட்டால்தான் முடிவு செல்லும். 'ஆம்', 'இல்லை' இரண்டையும் குறித்து ஓட்டைச் செல்லாததாக்குங்கள் என்று பரப்புரை செய்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஏறத்தாழ 17 லட்சம் செல்லாத ஓட்டுகள். செல்லுபடியானவற்றில் அரசு விரும்பிய பதில்தான் 90 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் பாதியை எட்டாததால் வாக்கெடுப்பு தோற்றது. அதே நாளில் அதே அரசு நாடாளுமன்றத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

நோட்டா

இந்தியாவில் மின்னணு இயந்திரம் வந்தபின் ஓட்டைக் கிழிக்க வழியில்லை. அஞ்சல் வாக்கில் மட்டும்தான் அந்தச் 'சுதந்திரம்' மிச்சம். நோட்டா வருவதற்கு முன் தேர்தல் நடத்தை விதிகளில் 49 ஓ என்று ஒன்று இருந்தது: யாருக்கும் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'ஓ போடு' என்று தமிழகத்தில் அதற்குப் பரப்புரைகூட நடந்தது. ஏஜெண்டுகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஊரில் நாளை முகத்தில் விழிக்க வேண்டியவர் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? ரகசியம் காக்கப்படவில்லை என்பதைச் சுட்டித்தான் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வைக்க உத்தரவிட்டது.

வைத்தார்கள். ரகசியம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. நோட்டா முதலிடம் வந்தாலும், அடுத்து வந்த வேட்பாளரே வெற்றி பெற்றவர். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. நாடு முழுக்க மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றது. சில இடங்களில் மட்டும் எகிறியது. எங்கே என்று பார்த்தால் ஒரு பாங்கு தெரியும். 2014இல் நீலகிரியில் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது; நோட்டா 46,559 ஓட்டோடு மூன்றாமிடம். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றார். நோட்டாவுக்கு 2,18,674, இரண்டாமிடம். வென்றவர் வாங்கியது 12 லட்சத்துக்கும் மேல். வேட்பாளர்கள்மேல் பொதுவான வெறுப்பைவிட, தன் கட்சிக்காரர் களத்தில் இல்லாத ஏமாற்றமே நோட்டாவை ஊதிப் பெரிதாக்குகிறது. அதே 2024இல் சூரத்தில் மற்ற மனுக்கள் எல்லாம் போய் ஒருவர் மட்டும் எஞ்சியதால் போட்டியின்றித் தேர்வானார். பொத்தானை அழுத்த வாக்குப்பதிவே நடக்கவில்லை. நோட்டா மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது காணாமல் போகிறது.

இந்தோனேசியா இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. உள்ளாட்சித் தலைவர் தேர்தலில் ஒரே வேட்பாளர் என்றால், அவருக்கு எதிரே சீட்டில் ஒரு காலிப் பெட்டியை அச்சிடுகிறார்கள். செல்லுபடியான ஓட்டில் பாதிக்கு மேல் அவர் வாங்கியாக வேண்டும். 2018இல் மகாசார் நகரில் காலிப் பெட்டி ஜெயித்தது. நோட்டாவுக்குப் பல் வைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. ஹரியானாவிலும் மகாராஷ்டிரத்திலும் மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சிக்கு மட்டும், நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று முடிவெடுத்தன. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் அது வரவில்லை.

தோற்பவருக்குப் போடுவது, தானே நிற்பது

1959இல் சாவ் பாவ்லோ நகரசபைத் தேர்தலில் காகரெகோ என்ற காண்டாமிருகத்தின் பெயரை எழுதி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போட்டார்கள். உலகமே சிரித்தது. அந்த ஓட்டுகள் செல்லவில்லை. சிரிப்பு வேண்டுமென்றால் சரி. கணக்கில் நிற்க வேண்டுமென்றால் சீட்டில் பெயருள்ள ஒரு மனிதருக்குப் போட வேண்டும். சுயேச்சைக்கோ சின்னக் கட்சிக்கோ விழும் ஓட்டு கைத்தவறோடு கலக்காது. எந்தக் கோரிக்கைக்காக விழுந்தது என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் அந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொள்ளும். நோட்டாவுக்குக் கொள்கை கிடையாது, அதனால் அதனிடம் பேரம் பேச யாரும் வருவதில்லை.

தானே நிற்பதற்கு எடுத்துக்காட்டு மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கேட்பாரில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அரசு அதற்குக் கற்றுக்கொண்ட பாடம், டெபாசிட்டை உயர்த்துவது: சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் 5,000 ஆனது, மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது.

என் வரிசை

விதியில் பாதிப் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று ஏதாவது வரம்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்து, அது எட்டக்கூடிய உயரத்தில் இருந்தால், வீட்டில் இருப்பதோ கிழிப்பதோ, எது அந்த வரம்பை உடைக்குமோ அதைச் செய்வேன். ஒரே வேட்பாளருக்கு எதிரே காலிப் பெட்டி இருந்தால் யோசிக்கவே மாட்டேன். வரம்பு ஏதுமில்லை, போட்டி கடுமை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குறைந்த கெடுதலுக்குப் போடுவேன். போட்டி ஒருதலைப்பட்சம் என்றால் என் கோரிக்கையைப் பேசும் சின்ன வேட்பாளருக்கு. அவரும் இல்லை என்றால்தான் நோட்டாவோ வெற்றோ. தனியாளாகக் கிழித்த சீட்டு டைரிக் குறிப்புக்குச் சமம்; முன்கூட்டி அறிவித்து, பலர் சேர்ந்து செய்தால்தான் மறுநாள் செய்தியில் அதற்கு இடம் கிடைக்கும். அப்படி அறிவிப்பதிலும் ஆபத்து உண்டு. ஆஸ்திரேலியாவில் 1996இல் ஆல்பர்ட் லாங்கர் என்பவர், பெரிய கட்சிகள் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு இருவருக்கும் ஓட்டுப் போகாமல் தடுக்கும் வழியைப் பரப்பினார். நிறுத்தச் சொன்ன நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சிறைக்குப் போனார்.

கிழிப்பது என்றே முடிவெடுத்தவர்கள் அதையாவது ஒழுங்காகச் செய்யட்டும். பெயரோ கையெழுத்தோ வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வம்பு. வெறுமையாக விட்டால் வேறொரு பேனா அதை நிரப்பிவிடக்கூடும், ஆகவே கோடு எல்லாப் பெயருக்கும் குறுக்கே ஓடட்டும். படம் வரையும் ஆசை இருந்தால் கட்டத்துக்கு வெளியே வரையுங்கள். பிரிட்டனில் 2015 பொதுத் தேர்தலில் மான்ட்கொமரிஷையர் தொகுதியில் ஒருவர் வேட்பாளர் கிளின் டேவிஸின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்துக்குள் ஆண்குறி ஒன்றைப் பொறுமையாக வரைந்திருந்தார். கோடு கட்டத்தை விட்டு எங்கும் வெளியே போகவில்லை. வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருக்கிறது என்று அதிகாரி அதை டேவிஸுக்கு விழுந்த ஓட்டாகவே எண்ணினார். அந்த ஓவியருக்குத் தான் நன்றி சொல்ல விரும்புவதாக டேவிஸ் பின்னர் எழுதினார்.